ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் காவிரி டெல்டாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மே 12 நெருங்கும்போது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என டெல்டா முழுவதும் உள்ள செவிலியர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒரே படம் மேடைக்கு வருகிறது: கையில் விளக்கோடு நோயாளிகளுக்கு நடுவே நடக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. பேச்சுப் போட்டிக்கும் கட்டுரைப் போட்டிக்கும் தயாராகும் மாணவியர் கேட்பவற்றையும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோர் கேட்பவற்றையும் சேர்த்து இங்கே விடை தந்திருக்கிறோம். அந்தப் படம் காட்டுவது அவர் வாழ்வில் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான ஒரு காலத்தை மட்டுமே. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்த அவர், அவற்றில் நாற்பது ஆண்டுகள் அளவுக்கு இந்தியாவின் தண்ணீரையும் சாக்கடையையும் பஞ்சத்தையும் பற்றி ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே இந்தப் பக்கத்தில் விளக்கைவிட வாய்க்காலுக்கே இடம் அதிகம்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் யார்?

1820 மே 12 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஒரு செல்வந்த ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் சூட்டினர். அக்காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை என்பது மதிப்புள்ள குடும்பத்துப் பெண் நினைத்தும் பார்க்கக் கூடாத வேலையாக இருந்தது. அதனால் வீட்டில் பல ஆண்டுகள் தடை நீடித்தது. 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் சில மாதங்கள் பயிற்சி பெற்று, 1853-இல் லண்டனில் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் நடத்திய கிரிமியப் போரில் பணியாற்றித் திரும்பிய பின், 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்தார். 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் இவர். 1910 ஆகஸ்ட் 13 அன்று 90 வயதில் லண்டனில் காலமானார்.

போர்க்கால மருத்துவமனையில் அவர் உண்மையில் என்ன செய்தார்?

1854 அக்டோபரில் 38 பெண்களுடன் புறப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் துருக்கியின் ஸ்குட்டாரியில் இருந்த படைமருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். அது மருத்துவமனையாகக் கட்டப்பட்டதன்று, பெரியதொரு படைவீடு. படுக்கைத் துணி, சோப்பு, துடைக்கும் துணி, ஏன், குடிக்கும் குவளைகூட அங்கே போதவில்லை. கையிலிருந்த நன்கொடைப் பணத்தில் பொருள் வாங்கினார், சமையலையும் சலவையையும் ஒழுங்குபடுத்தினார், இரவில் வார்டுகளைச் சுற்றி வந்தார். இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடும் செய்தி வேறு. அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அது உச்சத்தில் இருந்தது. அரசு அனுப்பிய சுகாதார ஆணையம் மார்ச் மாதம் வந்து கட்டடத்தின் அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, தண்ணீரைச் சீராக்கி, காற்று நுழைய வழி செய்த பிறகுதான் இறப்பு மளமளவெனச் சரிந்தது. நைட்டிங்கேலுக்கே இதன் முழுப் பொருள் உடனே விளங்கிவிடவில்லை. ஊர் திரும்பி, புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து இறப்புக் கணக்குகளை அலசியபோதுதான், தம் கண்முன்னே இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காயமன்று, தடுத்திருக்கக்கூடிய நோய்களே என்பது அவருக்கு உறைத்தது. பிற்காலத்தில் அவர் இந்தியாவைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவர் வரைந்த வட்டப்படத்தைத் தேர்வில் கேட்கிறார்கள். அது என்ன?

ஓராண்டின் பன்னிரண்டு மாதங்களையும் ஒரே நடுப்புள்ளியிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஆப்புகளாக எண்ணிக்கொள்ளுங்கள். எல்லா ஆப்புகளின் கோணமும் ஒன்றே, நீளம் மட்டும் மாறும். ஒவ்வொரு நிறத்தின் பரப்பும் அந்த மாதத்தில் அந்தக் காரணத்தால் நேர்ந்த இறப்பைக் காட்டும். தடுக்கக்கூடிய தொற்றுநோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, ஏனையவற்றுக்குக் கறுப்பு. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை, ஸ்குட்டாரியில் மட்டுமன்றிப் படை முழுவதிலும் நேர்ந்த இறப்பைக் காட்டும் படத்தில் 1855 ஜனவரியின் நீல ஆப்பு தாளின் விளிம்பைத் தொடுமளவுக்கு வெளியே நீண்டு நிற்க, சிவப்பு நடுப்புள்ளியருகே சுருங்கிக் கிடக்கும். அடுத்த ஆண்டின் படம் அதன் பக்கத்திலேயே சிறுத்துக் காணப்படும். அமைச்சர்கள் அட்டவணையைப் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே அவர் இதைச் செய்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அவர் கையில் இருந்தது எந்த வகை விளக்கு?

நம் விழாக்களில் ஏற்றும் குத்துவிளக்கும் அன்று, படங்களில் காணும் மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கும் அன்று. துருக்கியில் அன்று புழங்கிய, மெழுகுவத்தியைச் சுற்றி மடிப்பு மடிப்பான துணி உறை கொண்ட, மடக்கி விரிக்கக்கூடிய கூண்டு விளக்கு அது.

விளக்கேற்று விழாவில் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழியை அவரே எழுதினாரா?

இல்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த ஒரு செவிலியர் பள்ளியில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் அமைந்த குழு எழுதியது. மே 12 உலகச் செவிலியர் நாள் என்று நிலைபெற்றது 1974-இல்.

அவர் இந்தியாவுக்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறாரா?

ஒரு முறையும் வந்ததில்லை. 1857-இல் வட இந்தியாவில் கிளர்ச்சி வெடித்தபோது புறப்பட்டு வர ஆயத்தமாக இருப்பதாக, தமக்குத் தெரிந்தவரும் தலைமை ஆளுநரின் மனைவியுமான கானிங் சீமாட்டிக்கு எழுதினார்; அந்தப் பயணம் நடக்கவில்லை. கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் (அது புரூசெல்லோசிஸ் என்றே இன்று பெரும்பாலும் கருதப்படுகிறது) அவரை விட்டபாடில்லை. 1857-க்குப் பிறகு நீண்ட காலம் அறையிலும் படுக்கையிலுமாகவே கழிந்தது. நமக்கு வேண்டிய வேலையெல்லாம் அந்தப் படுக்கையிலிருந்துதான் நடந்தது.

வராமலே இந்தியாவைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டார்?

கேள்வித்தாள் அனுப்பி. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்து இயக்கியவர்களில் நைட்டிங்கேல் முதன்மையானவர். ஒவ்வொரு படை நிலையத்துக்கும் விரிவான கேள்வித்தாள் போயிற்று: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் வருகிறது, கழிவு எங்கே போகிறது, படைவீட்டில் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம். வந்து குவிந்த விடைகளையெல்லாம் அவர் படித்தார். 1863-இல் வெளிவந்த அறிக்கை இரண்டு பெருந்தொகுதிகளில் 2,000 பக்கங்களைத் தாண்டியது. இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய்களிடையே ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர் என்பதே அதன் மையச் செய்தி.

நிலையங்களின் விடைகள் மீது அவர் எழுதிய குறிப்புரை தனி அச்சாகவும் வந்தது. அதில் கிண்டலுக்குக் குறைவில்லை. குடிப்பதற்குச் செய்து தந்திருக்கும் வசதியைக் குளிப்பதற்கும் செய்து தந்திருந்தால் நம் படையைப் போல் சுத்தமான கூட்டம் உலகிலேயே இருக்காது என்று சாராயக்கடைகளை வைத்து ஓரிடத்தில் குத்துகிறார். தோல்பையில் தண்ணீர் சுமந்து வரும் ஆளின் படத்தைப் போட்டு, இந்தியாவின் தண்ணீர்க் குழாய் இதுதான் என்று வாசகருக்கு உணர்த்துகிறார். 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. ஆயிரத்துக்கு 69 என்ற கணக்கு 18-க்கு இறங்கிவிட்டது என்று 1873-இல் அவரே எழுதினார். அதுவரை அவர் அக்கறை சிப்பாய் மீது. படைவீட்டைச் சுற்றிலும் ஊர் அழுக்காகக் கிடக்கும்போது படைவீட்டை மட்டும் சுத்தமாக வைக்க முடியாது என்ற எளிய உண்மைதான் பிறகு அவரைக் குடியானவரிடம் கொண்டுவந்தது.

ஒரு நர்சுக்கும் நீர்ப்பாசனத்துக்கும் என்ன தொடர்பு? காவிரி எங்கே வருகிறது?

காவிரி, ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பாசனப் பொறியாளர் வழியாக வருகிறது. கோதாவரிக் கரையில் அவரை இன்றும் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் தொழில் கற்ற இடம் நம் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக்கு ஒரு பெரும் கேடு வந்திருந்தது. முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போக, காவிரியின் படுகையில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. வருகிற வெள்ளத்தில் பெரும்பங்கு கொள்ளிடம் வழியே வீணே கடலுக்குப் போக, தஞ்சையின் வாய்க்கால்கள் காய்ந்தன. 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் காட்டன் கட்டினார். மேலணை காவிரிக்கு வரவேண்டிய பங்கைத் திருப்பித் தந்தது. கீழணை கொள்ளிடத்தில் இறங்கிய நீரை வீராணத்துக்கும் சிதம்பரம் வட்டாரத்துக்கும் திருப்பியது. ஆற்று மணலின் மேல் அணை நிற்க முடியுமா என்ற ஐயத்துக்கு அவருக்கு விடையாக இருந்தது கல்லணை. கரிகாலன் பெயரால் வழங்கும் அந்த அணையின் அடித்தளத்தைப் பார்த்துத்தான் இந்த வித்தையைக் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்தியாவுக்கு ரயிலைவிடத் தண்ணீர்தான் முதலில் வேண்டும், பாசன வாய்க்கால்களே படகுப் போக்குவரத்துக்கும் பயன்பட வேண்டும் என்று காட்டன் பிற்காலத்தில் லண்டனில் ஓயாமல் வாதாடினார். தஞ்சையும் கோதாவரியும் அவர் வழக்கமாக எடுத்துவைக்கும் சான்றுகள். ஆளும் வட்டாரத்தில் பலர் அவரைப் பித்துப்பிடித்தவராகவே பார்த்தார்கள். நைட்டிங்கேல் அவர் பக்கம் நின்றார். அவரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர் தந்த தகவல்களைக் கையாண்டார். 1874-இல் வந்த ‘இந்தியாவில் வாழ்வா சாவா’ என்னும் நூலுக்குப் பாசனத்தால் வாழ்வா சாவா என்ற கேள்வியையே பின்னிணைப்பாகச் சேர்த்தார். பசித்த உடம்பை எந்த ஆஸ்பத்திரியும் தேற்ற முடியாது, ஆகவே மதகும் மருந்துதான் என்பதே அவர் கண்ட தொடர்பு. இதை அவர் உவமையாகச் சொல்லவில்லை. இறப்பு விகிதத்தைக் காட்டியே சொன்னார்.

1876–78 பஞ்சத்தின்போது அவர் என்ன சொன்னார்? டெல்டாவில் அப்போது நிலைமை எப்படி?

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். சேலம், கோயம்புத்தூர், பல்லாரி, கர்நூல் போன்ற மானாவாரி மாவட்டங்கள் நாசமாயின. இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. ஆற்றுப்பாசனம் இருந்ததால் தஞ்சை அந்த அளவுக்கு அழியவில்லை. ஆனால் விலையேற்றம் இங்கேயும் ஏழைகளை விட்டுவைக்கவில்லை. தஞ்சை, கோதாவரி, கிருஷ்ணை ஆகிய டெல்டாக்கள் தப்பியதும் மற்றவை மடிந்ததும் காட்டனின் வாதத்துக்கு, எவரும் விரும்பாத விதத்தில், நிரூபணமாக அமைந்தன.

1878 ஆகஸ்டில் லண்டன் இதழ் ஒன்றில் நைட்டிங்கேல் ‘இந்திய மக்கள்’ என்ற கட்டுரையை எழுதினார். இந்திய மக்களைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை என்று தம் நாட்டாரைக் குற்றஞ்சாட்டித்தான் அது தொடங்குகிறது. பஞ்சச் சாவு, உப்பு வரி, வட்டிக்கடை, கடனில் மூழ்கும் குடியானவர் எனக் கட்டுரை விரிகிறது. அரசின் பேரபிமானத்தைப் பெற்ற ஒருவர் இப்படி எழுதியதை இந்தியா அமைச்சகத்தில் எவரும் ரசிக்கவில்லை.

பாசனம் பெருகினால் காய்ச்சலும் பெருகாதா?

பெருகும், வடிகால் இல்லாவிட்டால். நைட்டிங்கேல் இதை அறிந்தே இருந்தார். தண்ணீர் கொண்டுவருவதோடு தேங்கிய நீரை வெளியேற்றுவதும் சேர்ந்ததுதான் பாசனம் என்பது அவர் நிலை. காரணம் மட்டும் அவருக்குத் தவறாகத் தெரிந்திருந்தது. அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்று நெடுங்காலம் நம்பினார். 1884-இல் கல்கத்தாவில் காலரா கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டிய பிறகும், கிருமிக் கொள்கையை அவர் தயங்கித்தான் ஏற்றார். மலேரியாவைக் கொசு பரப்புவதை 1897-இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தபோது நைட்டிங்கேலுக்கு வயது 77. கொள்கை தவறானாலும் செய்யச் சொன்ன வேலை பெரும்பாலும் சரியாகவே இருந்தது, நல்ல தண்ணீரும் ஓடும் சாக்கடையும் எந்தக் கொள்கைக்கும் பொருந்திப்போவதால். தொற்று என்பதையே நம்பாமல், கப்பல்களையும் மக்களையும் தனிமைப்படுத்தும் முறையை அவர் எதிர்த்தது மட்டும் கெடுதலான பிடிவாதம்.

சமுதாய நலப் பயிற்சிக்குக் கிராமத்துக்குப் போகும் மாணவியர் இதைக் கண்ணால் பார்க்கலாம். தெருக்குழாய் மேடையின் சிமெண்டு பெயர்ந்த இடத்தில் வழியும் தண்ணீரைப் பின்தொடர்ந்து நடந்து பாருங்கள். அது வேலியோரப் பள்ளத்தில் இறங்கி, பள்ளத்திலிருந்து வடிகாலுக்குப் போய், அங்கே ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதால் முன்னே நகராமல் நின்றுவிடும். ஒரு குவளையில் முகந்து வெளிச்சத்தில் பிடித்தால் கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்குவது தெரியும். கடைமடை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது வயலும் தெருவும் ஒரே மட்டமாக நிற்பதற்கும் இதே அடைப்புதான் பெரும்பாலும் காரணம்.

தண்ணீர் வந்தால் போதுமா? அது யாருக்குப் பயன்பட்டது?

இந்தக் கேள்வியை நைட்டிங்கேல் தாமாகவே வந்தடைந்தார். ‘ஜமீன்தாரும் சூரியனும் பூவாளியும்’ என்று பொருள்படும் தலைப்பில் 1874-இல் ஒரு நூலை எழுதி அச்சுப்படி வரை கொண்டுபோனார், வெளியிடவில்லை. விளைச்சல் பெருகினாலும் உழுபவன் கையில் எதுவும் தங்காவிட்டால் அவன் உடம்பு தேறாது என்பதே அதன் அடிக்கருத்து. 1883-இல் ரிப்பன் பிரபுவின் ஆட்சிக்காலத்தில் வங்காளக் குத்தகை மசோதாவை ஆதரித்தும் எழுதினார்.

அவர் கவனம் வங்காளத்து ஜமீன்தார் மீதும் தக்காணத்து வட்டிக்காரர் மீதுமே இருந்தது. நம் டெல்டாவின் மிராசுதார், பண்ணையாள் உறவு அவர் எழுத்தில் அதற்கு நிகராகத் துலங்கவில்லை, இங்கே கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தபோதிலும். மேலணை தந்த நீரால் விளைந்த நெல் பத்தாயத்துக்குப் போயிற்று. நாற்று நட்டவர் மரக்கால் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு சேரிக்குத் திரும்பினார். அவருக்குச் சட்டப்பாதுகாப்பு என்று ஒன்று வர 1952-இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் மாகாணத்தில் செவிலியப் பயிற்சி எப்போது தொடங்கியது?

முதலில் வந்தது பிரசவப் பயிற்சி. சென்னையில் 1844-இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனையே இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை. மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி தர 1854-இல் ஒப்புதல் கிடைத்தது. 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி தொடங்கியது. இதற்கிடையில், 1865-இல், இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலிய ஏற்பாடு குறித்து நைட்டிங்கேல் ஒரு திட்டமும் எழுதித் தந்திருந்தார். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண்கள்; பின்னர் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள். தீட்டு, சாதி, இரவு வேலை என்ற மூன்று காரணங்களும் மற்றக் குடும்பங்களைத் தடுத்து நிறுத்தின. மகளை நர்சிங் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் அண்மைக்காலம் வரை நம் பக்கத்தில் சொன்னவையும், ஃபிளாரன்சின் தாயார் சொன்னவையும் அதிகம் வேறுபடவில்லை. 1926-இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவை முறைப்படுத்தியது.

இங்கே ஒரு முரண் உண்டு. செவிலியருக்கு அரசுப் பதிவேடு வேண்டும் என்று இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு ஃபென்விக் அம்மையார் நடத்திய இயக்கத்தை நைட்டிங்கேல் கடுமையாக எதிர்த்தார். நல்ல செவிலியரைத் தேர்வெழுத வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் எண்ணம். இன்று பதிவு எண் இல்லாமல் வேலைக்குச் சேர முடியாத மாணவியர் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள்.

அவரைக் குறை சொல்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர் பேரரசை எதிர்த்தவர் அல்லர். பேரரசு ஒழுங்காக நடக்க வேண்டும் என்று விரும்பியவர். பார்க்காத நாட்டைப் பற்றி அதிகாரிகளின் அறிக்கையை நம்பியே பல காலம் எழுதினார். காட்டனின் கணக்குகளையும் சற்று அதிகமாகவே நம்பினார். காட்டனின் யோசனையில் உருவான கர்நூல்–கடப்பா கால்வாய் நட்டத்தில் முடிந்து அரசின் கைக்குப் போனது. கிரிமியப் போர்முனையில் தம் சொந்தப் பணத்தில் சிப்பாய்களைப் பேணிய ஜமைக்காப் பெண்மணி மேரி சீக்கோலைப் பற்றி 1870-இல் ஒரு தனிக்கடிதத்தில் அவர் எழுதியது பெருந்தன்மையற்றது. இவற்றை மேடையில் சொல்லலாமா என்று கேட்கும் மாணவியருக்கு: தாராளமாகச் சொல்லலாம்.

வயதாக ஆக அவர் பார்வை மாறியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வில்லியம் வெட்டர்பர்ன் போன்ற காங்கிரஸ் ஆதரவாளர்களோடு நட்புக் கொண்டார். புனேயின் சார்வஜனிக் சபை என்னும் பொதுமக்கள் அமைப்போடு தொடர்பு வைத்தார். 1894-இல் புடாபெஸ்ட் மாநாட்டுக்கு இந்தியக் கிராமச் சுகாதாரம் பற்றிக் கட்டுரை அனுப்பினார். சுகாதாரத்தை ஆணையிட்டுத் திணிக்க முடியாது, ஊர் மக்களிடம் அவர்கள் மொழியில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசித்தான் கொண்டுவர முடியும் என்ற இடத்துக்கு அப்போது வந்திருந்தார். இன்றைய கிராமச் சுகாதாரச் செவிலியரின் வேலைக்கு அவர் எழுத்தில் மிக அருகில் நிற்பது அந்தப் பகுதியே.

நேரம் குறைவு. அவர் எழுதியவற்றில் எதை முதலில் படிக்கலாம்?

1860-ஐ ஒட்டி வெளிவந்த ‘செவிலியக் குறிப்புகள்’ சிறிய நூல். அதிலும் வீடுகளின் நலம் பற்றிய இரண்டாம் அத்தியாயம் சில பக்கங்களே. நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஒழுங்கான சாக்கடை, சுத்தம், வெளிச்சம் என்ற ஐந்தையும் அவர் அங்கேதான் வரிசைப்படுத்துகிறார். ஜன்னலைத் திறப்பது பற்றிய முதல் அத்தியாயம் குளிர்நாட்டு அடுப்புக்கும் புகைபோக்கிக்கும் எழுதப்பட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் படுத்திருக்கும் நோயாளியைக் கவனிப்பவர் அதை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். சத்தத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு அந்த மாற்றம் தேவையில்லை. நோயாளிக்குக் கேட்கும்படி வாசலில் நின்று கிசுகிசுக்கும் உறவினரை அவர் அங்கே வறுத்தெடுத்திருப்பது எந்த வார்டுக்கும் பொருந்தும்.